நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை

ஜனவரி 6

மெக்கானிக்கிற்கு,

இது உறவுக்காரனுக்கு எழுதும் கடிதம் அல்ல. என் மனைவியின் தம்பிக்கு எழுதுவதாக இருந்தால் நாலு வருடம் முன்பே எழுதியிருப்பேன், அதில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இருந்திருக்காது. இந்த வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவனுக்கு எழுதுகிறேன். விலாசத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கொடுத்தார். போன் நம்பரும் கொடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். உன் குரல் காதில் விழுந்தால் நான் வண்டியைப் பற்றிப் பேச மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டி ஆயில் குடிக்கிறது. எழுநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை. வண்டி ஓட ஆரம்பித்தால் புகை நின்றுவிடுகிறது. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போக அறுபத்திரண்டு கிலோமீட்டர், வர அறுபத்திரண்டு. அவளை நாலு மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போடுகிறார்கள். முடிந்து எழுந்தால் தலை நிற்காது. பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாற வேண்டும். ஒருமுறை அப்படி அழைத்து வந்தேன், இரண்டாவது பஸ் நிலையத்தில் தரையிலேயே படுத்துவிட்டாள். ஆகவே இந்த வண்டி ஓடியாக வேண்டும்.

தெருமுனையில் புதிதாக ஆயில் கடை வைத்திருப்பவர், புது ரக மெல்லிய ஆயில் ஊற்றினால் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். அதற்கு முன்னால் ஏதோ மருந்து ஊற்றி இன்ஜினைக் கழுவ வேண்டுமாம். இருபத்து நாலு வயது வண்டிக்கு இது சரியா? எந்த ஆயில், எத்தனை நாளைக்கு ஒருமுறை? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும். வேறு எதையும் எழுத வேண்டாம்.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

தையற்காரன்

*

ஜனவரி 13

மாமா,

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா போய்விட்டாள் என்றே நினைத்துவிட்டேன். பிரிக்கவில்லை. இரண்டு நாள் டூல் பெட்டிக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பட்டறை முதலாளி, "என்னப்பா, சம்மனா?" என்று கேட்டார். அவர் எதிரிலேயே பிரித்தேன். ஆயில் என்ற வார்த்தையைப் பார்த்ததும், மாமா, நான் ஜாக்கியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேறு எதையும் எழுதக்கூடாது என்றீர்கள். சரி.

காலையில் மட்டும் புகை வந்தால் வால்வு சீல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதும் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சீல்தான். பயமில்லை, இதோடு ரொம்ப நாள் ஓட்டலாம்.

மெல்லிய ஆயில் புது வண்டிக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. நம் வண்டிக்குள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஓடி ஓடி அகன்றிருக்கிறது. மெல்லியது அங்கே நிற்காமல் வழிந்துவிடும். டப்பாவில் 20W-50 என்று போட்டிருக்கும் சாதாரண ஆயில் வாங்குங்கள். உங்கள் ஊரில் பனி உறைவதில்லை, கெட்டியான ஆயில் தாராளமாகப் போதும். மாற்றும்போதெல்லாம் பில்டரையும் மாற்றுங்கள். பழைய பில்டரோடு புது ஆயில் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது மாதிரி. உங்களிடம் சட்டை உதாரணம் சொல்கிறேன் பாருங்கள்.

எத்தனை நாள் என்றால், டப்பாவில் பத்தாயிரம் என்று இருக்கும், நம்பாதீர்கள். நம் வண்டிக்கு நாலாயிரம் கிலோமீட்டர். உங்கள் ஓட்டத்துக்குப் பதினோரு வாரம் வரும். தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதரையில் நிறுத்தி, ஆயில் அளக்கும் குச்சியை உருவித் துடைத்து, திரும்ப விட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், அதுவும் கெடுதல். டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் இருக்கட்டும்.

கழுவுகிற மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். நான் பூட்டிய பிறகு பதினோரு வருடக் கசடு உள்ளே படிந்திருக்கிறது. படிந்திருக்கிறவரை அதனால் தொல்லை இல்லை. மருந்து ஊற்றினால் பெயர்ந்து வந்து, ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் காய்ந்துபோய் இறுகிவிடும். நாலாயிரத்துக்கு ஒருமுறை மாற்றி வந்தால் புது ஆயிலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். அவசரம் கூடாது.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், எங்கே இருந்தாலும், யார் ஹாரன் அடித்தாலும், அந்த நொடியே சாவியைத் திருப்பி அணையுங்கள்.

அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கவில்லை.

*

பிப்ரவரி 4

நீ சொன்ன ஆயிலை ஊற்றினேன். புகை குறைந்திருக்கிறது. இப்போது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்தான் இறங்குகிறது. அதற்கு நன்றி. வேலைக்கு நன்றி சொல்வது வேறு, ஆளுக்குச் சொல்வது வேறு.

உன் கடிதத்தை அளவு நோட்டுக்குள் வைத்திருந்தேன். அவள் பார்த்துவிட்டாள். உன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"காருக்குக் குச்சி விட்டு அளந்து பாத்து, கொறைஞ்சா உடனே ஊத்தணுமாம். எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணி, அதுவும் டம்ளர்ல கோடு போட்டு. நான் பேசாம காராப் பொறந்திருக்கலாம்" என்றாள்.

பிறகு, "எளைச்சிருப்பான். கையெழுத்து எளைச்சிருக்கு" என்றாள். நான் எதையும் சொல்லாமல் இருந்து பழகியவன். ஆனால் இன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவளே உனக்கு எழுதச் சொல்வாள், நானும் எழுதிக்கொண்டிருப்பேன், இதைச் சொல்லாமல் என்னால் எழுத முடியாது.

ஆபரேஷன் அன்று காலை அவளுக்குத் தலையில் தொப்பி மாட்டிவிட்டார்கள். வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். உன் சிறுநீரகத்துக்குப் பொருத்தம் பார்த்து, அனுமதிக்கு எட்டு மாதம் நடந்து, நாள் குறித்து, எல்லாம் ஆகிவிட்டது. டாக்டர் வெளியே வந்து, "உங்க மச்சானைக் காணோம், எங்க போயிருப்பார்?" என்று என்னிடமே கேட்டார். டீ குடிக்கப் போயிருப்பான் என்றேன். ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினேன். உன் செருப்பு உன்னைத் தயார்செய்த அறை வாசலில் இருந்தது. கால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாய். நான் அதை எடுத்துக்கொண்டு வந்து, தொப்பி போட்டுப் படுத்திருந்தவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். கையில் இருந்த செருப்பை அவள் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வேறு யாரும் பொருந்தவில்லை. நானும் பொருந்தவில்லை. தானத்துக்குக் காத்திருப்போர் பொதுப் பட்டியலில் நாலு வருடமாக இருக்கிறாள்.

*

பிப்ரவரி 14

மாமா,

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. என் பெண்டாட்டி தடுத்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் தடுக்கவில்லை. என்மேல் பழி வராமல் இருக்க அவளாகவே அதைச் சுமந்துகொண்டாள். இரண்டு வருடம் சுமந்துவிட்டு, "இதுக்கு மேல முடியாது" என்று தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காரணம் பயம். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். ஒரு நர்ஸம்மா வந்து விலாப்பக்கம் பேனாவால் கோடு போட்டார், எங்கே வெட்டுவது என்று. ஊசிகூட இல்லை மாமா, பேனா. அது குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. எத்தனை இன்ஜினைத் திறந்திருப்பேன். அந்தக் கோடு அழிய நாலு நாள் ஆனது. சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் திரும்பப் போகிறேன். இந்த ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. முதல் சோதனைகளை இங்கேயே எடுத்து, ரிப்போர்ட்டோடு வருகிறேன். இந்த முறை யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம், நானே வருகிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பொய் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "போய்ட்டு வா" என்றார்.

அக்காவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். பில்டர் இரண்டு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏப்ரல் முதல் வாரம் மாற்ற வேண்டிவரும்.

*

மார்ச் 4

மாப்பிள்ளை,

உன்னை அப்படி அழைத்து நாலு வருடம் ஆகிறது. பேனா அதுவாக எழுதிவிட்டது, இருக்கட்டும்.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை திரும்பி வரும் வழியில், பின் சீட்டில் படுத்திருந்தவள், "என்னமோ மறைக்கறீங்க, கியர் மாத்தறதுலயே தெரியுது" என்றாள். சொல்லிவிட்டேன். ரயில்வே கேட் தாண்டிய பிறகு, "வருவான்னு சொல்லாதீங்க. வந்தா பாத்துக்கலாம்" என்றாள்.

ஆனால் மறுநாள் மாதக்கணக்கில் ஊசியைத் தொடாதவள், ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொடுத்தாள். இடது கையில் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறுபோலப் புடைத்திருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் தைத்தாள். நேற்று, "ஆபரேஷன் முடிஞ்சா மொதல்ல என்ன செய்வேன் தெரியுமா? ஒரு சொம்பு தண்ணி. அளக்காம. அண்ணாந்து" என்றாள். கழுத்தில் வழிகிற மாதிரி கையால் காட்டினாள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ விளையாடவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். முடியாது என்றால் இப்போதே சொல். எனக்குத் தாங்கும். அவளுக்கு இரண்டாவது தடவை தாங்காது.

வண்டி பரவாயில்லை. ஆயில் கடைக்காரர் இன்னும் விடவில்லை. "கெட்டி ஆயில் ஊத்தற காலம் போச்சு சார், அந்த மெக்கானிக் எந்தக் காலத்து ஆளு?" என்று தினமும் கேட்கிறார். சோதனை முடிவு வந்ததும் எழுது.

*

மார்ச் 22

மாமா,

பத்து நாளாகப் பேப்பரை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

போனேன். ஓடவில்லை. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் நின்றேன். மூன்றாம் நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறதாம், ரொம்ப நாளாக. என் சிறுநீரகத்திலேயே புரதம் கசிய ஆரம்பித்துவிட்டதாம். டாக்டர் சின்ன வயதுப் பெண். "அக்காவுக்குக் குடுக்கறத விடுங்க. உங்களோடத நீங்க காப்பாத்திக்கங்க, அதுவே பெரிய விஷயம்" என்றார். ஒன்றாவது எடுத்துக்கொள்ளுங்கள், ரிப்பேராக இருந்தாலும் கொஞ்ச நாள் ஓடும் இல்லையா என்று கேட்டேன். வண்டி மெக்கானிக் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்தார். அதுதான் மாமா தாங்கவில்லை.

நாலு வருடம் முன்னால் எல்லாம் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டை நீங்களே பார்த்தீர்கள். அதற்குப் பிறகு ஒருநாள்கூட என்னை நான் பார்த்துக்கொள்ளவில்லை. சதா தாகம் எடுக்கும், பட்டறைச் சூடு என்று நினைத்துக்கொள்வேன். குடம் குடமாகக் குடித்திருக்கிறேன். அங்கே அக்கா டம்ளரில் கோடு போட்டுக் குடித்துக்கொண்டிருக்க, இங்கே நான்.

வேறு டாக்டரிடமும் காட்டினேன். அதே பதில்தான்.

அக்காவிடம் நான் பயந்து ஓடிவிட்டேன் என்றே சொல்லிவிடுங்கள். அதை அவள் ஏற்கெனவே ஒருமுறை தாங்கியிருக்கிறாள். எனக்கும் இந்த வியாதி என்று தெரிந்தால் என்னை நினைத்து அழுவாள்.

ஆயில் கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டாம். மருந்து ஊற்றிக் கழுவ வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். இது ஒன்றையாவது என் பேச்சைக் கேளுங்கள்.

*

ஏப்ரல் 20

மாப்பிள்ளை,

இதைத் தபாலில் போடவில்லை. உன் ஊர் வழியாகப் போகும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக் காலை கையில் கிடைக்கும். படித்ததும் புறப்படு. மீதியைப் பஸ்ஸில் படித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று நான் மனிதனாக இல்லை. நீ எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் செய்ய வேண்டும் என்று இருந்தது. ஓடிவிட்டாய் என்று அவளிடம் சொல்லச் சொன்னாய், நான் உண்மையைச் சொன்னேன். நீ கெட்டி ஆயில் என்றாய், நாலாம் தேதி ஆயில் கடைக்காரரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மருந்து ஊற்றிக் கழுவினார். கறுப்புக் குழம்பாக வெளியே வந்ததைக் காட்டி, "பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கு" என்றார். எனக்கு அப்போது திருப்தியாக இருந்தது. மெல்லிய ஆயில் ஊற்றினார். ஒரு வாரம் பட்டுப்போல ஓடியது. உனக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

பதின்மூன்றாம் தேதி சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு மினுக்கியது. உடனே அணைந்துவிட்டது. புதன்கிழமை போகும்போது, நாற்பதாவது கிலோமீட்டரில் எரிந்தது, அணையவில்லை. நீ எழுதியது ஞாபகம் இருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை. அரை மணி தாமதமானால் அவள் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்குக் காலையிலிருந்தே மூச்சு வாங்கியது. இன்னும் இருபது நிமிடம்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மிதித்தேன். மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன். பாத்திரங்களை உருட்டியது போல ஒரு சத்தம், அப்புறம் ஒரே இழுப்பாக நின்றுவிட்டது.

நிழல் இல்லாத இடம். ஒன்றரை மணி நேரம். காலிப் பாட்டில் ஏற்றிய லாரிக்காரர் ஒருவர் நிறுத்தினார். அந்த உயரத்துக்கு அவளால் ஏற முடியவில்லை, இரண்டு பேர் தூக்கினோம். பாட்டில்கள் குலுங்கும் சத்தத்தில் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்தாள். ஆஸ்பத்திரியில் மெஷினைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வாடகை வண்டி வாசலில் நின்றது. அவள் கட்டிலை விட்டு எழவில்லை. "போதும்" என்றாள்.

நான் என்னவெல்லாமோ சொன்னேன். காலில் விழுந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வண்டி போச்சுன்னு இல்ல. நீங்க உங்க தலையில போட்டுக்காதீங்க. ரொம்ப நாளாவே எனக்கு முடியல. வண்டி ஓடிட்டிருந்த வரைக்கும் வேணாம்னு சொல்ல வாய் வரல. நீங்க அவ்வளவு பாடுபட்டு ஓட்டிட்டிருந்தீங்க."

டாக்டரிடம் போய்ப் பேசினேன். அவள் சுயநினைவோடு சொல்வதை யாரும் மீற முடியாது என்றார். ஒரு வாரம், பத்து நாள் என்றார்.

அவள் உன்னைக் கேட்டாள். வண்டியை இழுத்து வந்து ஜன்னலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் போட்டிருக்கிறேன். நீ அதைப் பார்க்க வேண்டாம். அவளைப் பார்க்க வா.

மாமா

*

மே 14

மாமா,

அக்கா போன மூன்றாம் நாள் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் அதை வரிசையில் கடைசியில்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் கடைசி வரியில் எழுதியதைப் பஸ்ஸில் வரும்போது எத்தனையோ தடவை படித்தேன். அவளைப் பார்க்க வா என்று. வந்தேன். கதவைத் திறந்ததும் அக்கா, "வா சின்னவனே, எளைச்சுட்டே" என்றாள். முகம் அப்படி வீங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். என்ன பேசுவது என்று நாலு வருடம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அக்கா, வண்டியப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றேன். "பாரு" என்றாள்.

ஆறு நாள். ஆறு நாளும் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். சல்லடையை வெளியே எடுத்தபோது தார் பூசியது போல அடைத்திருந்தது. கிராங்க் தண்டைக் கடைந்து சரிசெய்ய லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன், பேரிங் தேடி அலைந்தேன், ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை துடைத்தேன். அவசரம் இல்லாத வேலை அத்தனையையும் அவசரமாகச் செய்தேன். வீட்டுக்குள் எத்தனை தடவை வந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் வாசற்படியிலேயே நின்றேன். ஒரு ஜன்னல்தான் குறுக்கே. பத்தடிகூட இருக்காது.

திங்கட்கிழமை காலை நீங்கள் கூப்பிட்டபோது என் கையில் ஸ்பானர் இருந்தது. ஆயில் தேங்கும் அடிச்சட்டியின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின நாளே வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று திரும்ப அடியில் போய்விட்டேன். ஒரு சொட்டு. அதற்காகத்தான் அவள் பக்கத்தில் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருமுறை ஓடினேன். இந்தத் தடவை ஓடாமல் ஓடியிருக்கிறேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

வண்டியில் 20W-50 ஊற்றியிருக்கிறேன். புதிதாகப் பூட்டிய இன்ஜின், முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு நாலாயிரத்துக்கு ஒருமுறை. அதிகம் ஓட்டவில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். யாரையாவது விட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்குப் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். எழுத வேண்டாம்.

*

ஜூன் 3

மாப்பிள்ளை,

எழுத வேண்டாம் என்று நீ சொன்னதால் மூன்று வாரம் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது உனக்குத் தண்டனை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. உன்மேல் கோபமாக இருக்கும் நேரம் மட்டும் மூன்று கிலோமீட்டர் மிதித்தது ஞாபகம் வராது.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

நீ வந்த இரண்டாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறியது. உன்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலருகே உட்கார வைக்க எழுந்தேன். அவள் விடவில்லை. "கூப்பிடாதீங்க. கூப்பிட்டா ஓடிருவான். சத்தம் வந்துட்டே இருக்கட்டும்" என்றாள்.

அப்போது நீ எதையோ தட்டிக்கொண்டிருந்தாய். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அப்படியேதான் படுத்திருந்தாள். சத்தம் நின்றால் கண்ணைத் திறப்பாள். லேத்துக்கு நீ போயிருந்த அன்று மத்தியானம் முழுக்கத் தூங்கவில்லை. "போய்ட்டானா?" என்று நாலைந்து தடவை கேட்டாள். வந்துவிடுவான் என்றேன். நீ திரும்பி வந்து கொட்டகையில் எதையோ பொத்தென்று போட்ட பிறகுதான் கண்ணை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆனபோது அவளுக்குப் பாதி நினைவு இருந்தது. "மாத்திட்டானா?" என்று கேட்டாள். எதை என்று எனக்குப் புரியவில்லை. ஆமாம் என்றேன்.

இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். அவள் போன பிறகு நீ மூன்று நாள் வீட்டில் இருந்தாய். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சொல்லக்கூடாது என்று இருந்தேன். நீ கஷ்டப்பட வேண்டும் என்று இருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இதைச் சொல்லிவிட்டதால் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அது வரவில்லை. முயன்று பார்த்தேன், நடுவில் அந்தத் தொப்பி வந்துவிடுகிறது. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். நீ கெஞ்சி எழுதிய வரி என்னிடம் இருக்கிறது.

போன திங்கட்கிழமை விடிந்ததும் எழுந்து, குச்சியை உருவி ஆயில் பார்த்து, வண்டியை வெளியே எடுத்துவிட்டேன். எங்கே என்று யோசிக்கவில்லை. ரயில்வே கேட் தாண்டிய பிறகுதான் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அப்படியே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, எப்போதும் உட்காரும் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். தரை துடைக்கிற அம்மா வந்து, "அக்கா உள்ளயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாலு மணி நேரம் ஆனதும் எழுந்து வந்துவிட்டேன். புதன்கிழமையான இன்று போகாமல் இருப்பதற்காகத்தான் காலையிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மணி பதினொன்று. இன்னும் வண்டிச் சாவி மேஜைமேல்தான் இருக்கிறது.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்.

பதில் எழுது. ஆயிலைப் பற்றி எழுதாதே. வேறு எதையாவது எழுது.

மாமா